மூடியை நகர்த்துவதே கணக்காக இருக்கட்டும்

கேள்வி: நான் மூதூர்ப் பக்கத்தில் ஒரு பாடசாலையில் தரம் 7, 8 வகுப்புகளுக்குக் கணிதம் கற்பிக்கிறேன். நியமனம் கிடைத்து மூன்று வருடங்கள். வகுப்பில் பாதிப் பேருக்கு வாய்ப்பாடு தெரியாது. பெருக்கல் என்றாலே கொப்பியை மூடிவிடுகிறார்கள். ஆர்வம் ஊட்டலாம் என்று என் சொந்தச் செலவில் இரண்டு லூடோவும் இரண்டு பாம்பும் ஏணியும் வாங்கிக் கொடுத்தேன். பிறகு ஒரு பயிற்சிப் பட்டறையில் சொன்னபடி கேள்வி அட்டைகளும் எழுதினேன். சரியான விடை சொன்னால்தான் தாயக்கட்டையை உருட்டலாம். பிள்ளைகள் சந்தோஷமாக விளையாடினார்கள், ஒரு பாடவேளைகூட வரவு குறையவில்லை. ஆனால் தவணைப் பரீட்சையில் புள்ளி அசையவே இல்லை. அதிபர், “ரீச்சர், இது கணித வகுப்பா, விளையாட்டு மைதானமா?” என்று கேட்டுவிட்டார். தாயக்கட்டை உருட்டுவது சூது என்று இரண்டு பெற்றோர் வந்து முறையிட்டார்கள். நான் இதை விட்டுவிடட்டுமா? அல்லது வேறு விளையாட்டுகள் இருக்கின்றனவா?

— ஓர் ஆசிரியை, திருகோணமலை மாவட்டம்

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

விட்டுவிட வேண்டாம். ஆனால் அந்த லூடோவை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோய் உங்கள் பிள்ளைகளுக்கோ மருமக்களுக்கோ கொடுத்துவிடுங்கள். ஆறு வரை எண்ணத் தெரிந்த பிள்ளைக்கு லூடோ கற்றுத்தர எதுவும் மிச்சமில்லை. தரம் 8 பிள்ளை லூடோ விளையாடிவிட்டு வந்து பின்னக் கணக்கில் புள்ளி எடுப்பான் என்று எதிர்பார்த்தால், கரம் விளையாடியவன் கேத்திர கணிதத்தில் சித்தியடைவான் என்றும் எதிர்பார்க்கலாம்.

உங்கள் கடிதத்தில் என் கண் நின்ற இடம் கேள்வி அட்டை. இதைப் பட்டறைகளில் நானும் பல வருடம் சொல்லிக்கொடுத்தேன் என்பதை ஒப்புக்கொண்டுதான் தொடர வேண்டும். கணித ஆசிரிய ஆலோசகராக இருந்த காலத்தில் கேள்வி அட்டை வெட்டி வெட்டியே என் கத்தரிக்கோல் மழுங்கியது. பார்வைக்கு அழகாக இருக்கும், வலயத்திலிருந்து வருபவர்கள் படம் எடுப்பார்கள், பிள்ளைகளும் சிரிப்பார்கள். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் நடப்பது வேறு. பிள்ளையின் கண் தாயக்கட்டையில் இருக்கிறது. ஏழெட்டு ஐம்பத்தாறு என்பது அதைக் கையில் எடுப்பதற்காகக் கட்ட வேண்டிய வரி.

2009 இல் பாலம் திறக்கும் வரை கிண்ணியாத் துறையில் நாங்கள் பாதைக்காகக் காத்திருப்போமே, நினைவிருக்கிறதா? உங்கள் வயதுக்கு இல்லாவிட்டால் வீட்டில் கேட்டுப் பாருங்கள். பஸ்ஸும் சைக்கிளும் மீன்பெட்டியும் ஒன்றாக ஏறும் அந்த மிதவையைத்தான் பாதை என்போம். வெயிலில் நின்ற எவருக்கும் அந்தத் துறையில் பிரியம் வந்ததாக நான் கேள்விப்படவில்லை. மனம் எல்லாம் அக்கரையில் இருந்தது. கேள்வி அட்டை விளையாட்டில் கணக்கு அந்தத் துறை. விளையாட்டு அக்கரையில் நடக்கிறது. நீங்கள் ஊட்டிய ஆர்வம் உண்மையானதுதான், ஆனால் அது கணக்கின் மேல் வந்த ஆர்வம் இல்லை. பிள்ளைக்கு அதில் நீங்கள் அறியாமலே ஒரு பாடமும் சொல்லிக்கொடுத்திருக்கிறீர்கள்: கணக்கு என்பது சந்தோஷத்துக்குக் குறுக்கே நிற்பது.

ஒரு விளையாட்டைக் கையில் எடுத்ததும் நான் கேட்கும் கேள்வி இது ஒன்றுதான்: கணக்கை நீக்கிவிட்டால் விளையாட்டு மிஞ்சுமா? கேள்வி அட்டைகளை எறிந்துவிட்டாலும் பாம்பும் ஏணியும் ஓடும். ஆகவே அங்கே கணக்கு ஒட்டவைத்த சரக்கு. கணக்கை எடுத்தால் விளையாட்டே விழுந்துபோகிறது என்றால், அதைத்தான் வகுப்புக்குள் கொண்டுவர வேண்டும்.

அப்படி ஒன்றை இப்போதே தருகிறேன். பிறிஸ்டல் அட்டை கால்வாசியும் மாக்கர் பேனையும் போதும். பழைய நாட்காட்டியின் பின்பக்கம் இன்னும் நல்லது.

1 முதல் 9 வரையுள்ள எண்களை இரண்டிரண்டாகப் பெருக்கினால் எத்தனை வெவ்வேறு விடைகள் வரும்? வாய்ப்பாட்டில் 81 கட்டங்கள் இருந்தாலும் வெவ்வேறான விடைகள் சரியாக 36. ஆறுக்கு ஆறு சதுரத்தில் துண்டு விழாமல் அடங்கிவிடும். மேலிருந்து கீழாக இப்படி எழுதுங்கள். முதல் நிரையில் 1, 2, 3, 4, 5, 6. அடுத்து 7, 8, 9, 10, 12, 14. மூன்றாவதில் 15, 16, 18, 20, 21, 24. நான்காவதில் 25, 27, 28, 30, 32, 35. ஐந்தாவதில் 36, 40, 42, 45, 48, 49. கடைசியில் 54, 56, 63, 64, 72, 81. சதுரத்துக்குக் கீழே தனியாக ஒரு கீற்றில் 1 முதல் 9 வரை எழுதி, அதன்மேல் வைக்க இரண்டு சோடா மூடிகள் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு அணிக்குப் புளியங்கொட்டை, மற்ற அணிக்குச் சின்னச் சிப்பி. மூதூரில் சிப்பிக்குப் பஞ்சமில்லை.

முதல் அணி ஒரு மூடியைக் கீற்றில் விரும்பிய எண்ணில் வைக்கும். அவ்வளவுதான் அதன் முறை. இரண்டாவது அணி மற்ற மூடியை விரும்பிய எண்ணில் வைத்து, இரண்டு எண்களையும் பெருக்கி, விடைக் கட்டத்தில் தன் சிப்பியை வைக்கும். இரண்டு மூடியும் ஒரே எண்ணில் நிற்கலாம். அதன்பிறகு ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒரு மூடியை மட்டும் நகர்த்தலாம், மற்றது நின்ற இடத்திலேயே நிற்கும். நிரையிலோ நிரலிலோ மூலைவிட்டத்திலோ தொடர்ந்து நான்கு கட்டங்களைப் பிடித்தவர் வென்றார். ஏற்கனவே பிடித்த கட்டத்தில் விடை விழுந்தால் அந்த முறை வீண்.

இதில் தாயக்கட்டையே இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். முறையிட வந்த பெற்றோருக்கும் இதுவே பாதிப் பதில்.

சொல்லிக்கொடுத்ததும் முதல் பத்து நிமிடம் மந்தமாகத்தான் போகும். பிள்ளைகள் மூடியைக் கண்டபடி நகர்த்தி, விடையை விரல்விட்டு எண்ணி, எங்கே விழுகிறதோ அங்கே வைப்பார்கள். பயப்பட வேண்டாம். யாரோ ஒருவர் மூன்று கட்டங்களை வரிசையாகப் பிடிக்கும் வரைதான் அந்த மந்தம்.

சாம்பல்தீவுப் பக்கத்தில் ஒரு வகுப்பில் நான் பார்த்தது இது. இரண்டு பெண் பிள்ளைகள் ஒரு அணி, எதிரே இரண்டு பையன்கள். பெண் பிள்ளைகள் மூன்றாவது நிரலில் 18, 28 இரண்டையும் ஏற்கனவே பிடித்திருந்தார்கள். ஆறிலும் ஏழிலும் மூடிகளை நிறுத்தி 42 ஐயும் பிடித்தார்கள். இனி மேலே 9 அல்லது கீழே 63 கிடைத்தால் ஆட்டம் முடிந்தது. பையன்களில் ஒருவன் ஆறில் இருந்த மூடியை எட்டுக்குத் தள்ளப் போனான். எட்டேழு 56, அவனுடைய வரிசையில் அது மூன்றாவது கட்டம். மூடி பாதி தூரம் போய்விட்டது. பக்கத்தில் இருந்தவன் அவன் மணிக்கட்டைப் பிடித்தான். “டேய், ஏழில் மூடியை விட்டுவைக்காதே. ஏழு நின்றால் அவள் மற்றதை ஒன்பதில் வைப்பாள்.” மூடி திரும்பி ஆறுக்கு வந்தது. இருவரும் கீற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. கடைசியில் ஏழில் நின்ற மூடியை ஐந்துக்குக் கொண்டுவந்து 30 ஐ மூடினார்கள். ஆறிலிருந்தும் ஐந்திலிருந்தும் 63 க்குப் போக வழியில்லை, 9 க்கும் இல்லை. எதிரே ஒரு பிள்ளை “ச்சே” என்றாள்.

மணிக்கட்டைப் பிடித்தவன் அன்று செய்தது பெருக்கல் இல்லை. 63 இன் காரணிகள் எவை, அவற்றில் எதை எதிராளியின் கைக்கெட்டாமல் வைப்பது என்று பின்னாலிருந்து முன்னுக்கு யோசித்தான். அதை நாங்கள் கரும்பலகையில் காரணிப்படுத்தல் என்று தலைப்பிட்டுக் கற்பிக்கிறோம், பிள்ளை கொட்டாவி விடுகிறான். அதே வகுப்பில் வாய்ப்பாடு கேட்டால் அவன் ஏழாம் வாய்ப்பாட்டின் நடுவில் தடுக்கி விழுபவன் என்று வகுப்பாசிரியை பிறகு சொன்னார். தடுக்கட்டும். 63 இனி அவனுக்கு அந்நியமில்லை.

வாரத்துக்கு இரண்டு தடவை, நான்கு வாரம் இதையே விளையாட விடுங்கள். புதிது புதிதாகக் கொண்டுவந்து கொட்ட வேண்டாம். ஆசிரியர்களுக்குத்தான் ஒரே விளையாட்டு சலிக்கிறது, பிள்ளைகளுக்கு அல்ல. நான்காம் வாரத்தில் 49 ஐ யாரும் சீண்டுவதில்லை, 24 க்கு அடிபிடி என்பதை அவர்களே சொல்வார்கள். 49 க்கு ஏழேழு தவிர வேறு வழியில்லை. 24 க்கு மூன்றெட்டும் உண்டு, நாலாறும் உண்டு. ஏன் என்று நீங்கள் கேட்காமலே ஒரு பிள்ளை கேட்டால், அந்தப் பாடவேளையை வேறெதற்கும் செலவழிக்காதீர்கள்.

நடைமுறையில் மூன்று விஷயங்களைச் சொல்ல வேண்டும். இவற்றில்தான் பல நல்ல விளையாட்டுகள் செத்துப்போகின்றன.

தனியாகத் தனியாக ஆட விடாதீர்கள், இரண்டுக்கு இரண்டாக உட்காரட்டும். தனியாக ஆடும் பிள்ளை மனதுக்குள் யோசிக்கும், அல்லது யோசிக்காமலே நகர்த்தும், உங்களுக்கு எது என்று தெரியாது. இருவர் என்றால் பேசியே ஆக வேண்டும். அணிக்குள் கெட்டிக்காரனும் பின்தங்கியவனும் சேர்ந்தால், மூடியைத் தொடும் உரிமையைப் பின்தங்கியவனுக்கே கொடுங்கள். கெட்டிக்காரன் வாயால் விளங்கப்படுத்தி அவனைச் சம்மதிக்கவைத்தால்தான் மூடி நகரும். மாற்றிக் கொடுத்தால் ஒருவன் ஆடுவான், மற்றவன் யன்னலுக்கு வெளியே மானைப் பார்ப்பான். திருகோணமலை நகரத்துப் பாடசாலை என்றால் இதை உவமையாகச் சொல்லவில்லை, உண்மையிலேயே மான் நிற்கும்.

சத்தம் இரண்டாவது. உங்கள் பாடசாலை மண்டபமும் நடுவில் தட்டி வைத்துப் பிரித்ததுதான் என்றால், அடுத்த வகுப்பு ஆசிரியர்தான் அதிபரிடம் முதலில் போயிருப்பார். விளையாட்டுக்கு முன்பே அவரிடம் சொல்லிவையுங்கள். முடிந்தால் பாடசாலை மரநிழலுக்கு வகுப்பைக் கொண்டுபோங்கள். சிப்பியும் மூடியும் காற்றில் பறக்காது, காகிதத் துண்டுகள் பறக்கும்.

மூன்றாவது, கொப்பி. உங்கள் புள்ளி அசையாததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். பாடவேளை 40 நிமிடம் என்றால், விளையாட்டு 25 இல் நிற்க வேண்டும். ஆட்டம் சூடாக இருக்கும்போதே நிறுத்துங்கள், திட்டுவார்கள், பரவாயில்லை. மிச்ச நேரத்தில் ஆடிய ஒரு நகர்வைக் கொப்பியில் எழுத வேண்டும். “மூடிகள் 6 இலும் 7 இலும் இருந்தன. எதிரணிக்கு 63 தேவை. நாங்கள் 7 ஐ 5 ஆக்கினோம். ஏனெனில்…” அந்த ஏனெனிலுக்குப் பின்னால் வரும் வரிதான் அன்றைய பாடம். பிள்ளைக்குப் பலகையில் தெரிந்தது கடதாசியில் தானாகத் தெரியாது. பரீட்சைத்தாளில் சிப்பியும் இல்லை, மூடியும் இல்லை. பலகைக்கும் தாளுக்கும் நடுவில் யாராவது ஒரு பலகை போட்டு நடக்கவைக்க வேண்டும், அது நீங்கள்தான்.

பாம்பும் ஏணியும் வாங்கிவிட்டேனே என்கிறீர்கள். அதை ஆரம்பப் பிரிவு ஆசிரியையிடம் கொடுங்கள், கூடவே இந்தச் செய்தியையும் சொல்லுங்கள். கீதா ரமணி, ராபர்ட் சீக்லர் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் 2008 இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இருக்கிறது. அமெரிக்காவில் வருமானம் குறைந்த குடும்பங்களின் பாலர்களை எடுத்து, ஒரு குழுவுக்கு 1 முதல் 10 வரை நேர்கோட்டில் எண் எழுதிய பலகையும், மற்றக் குழுவுக்கு எண்ணுக்குப் பதிலாக நிறம் தீட்டிய பலகையும் கொடுத்தார்கள். இரண்டு வாரத்தில் நான்கு தடவை, ஒவ்வொன்றும் 15 முதல் 20 நிமிடம். எண் பலகையில் ஆடிய பிள்ளைகள் எண்ணுவதிலும் எண்களை ஒப்பிடுவதிலும் முன்னேறினார்கள். ஒன்பது வாரம் கழித்துச் சோதித்தபோதும் அந்த முன்னேற்றம் நின்றிருந்தது. நிறப் பலகைக்காரர்களிடம் அப்படி இல்லை. பிறகு வட்டமான பலகையோடு ஒப்பிட்டும் பார்த்தார்கள், நேர்கோடுதான் உதவியது.

எலிடா லாஸ்கியும் சீக்லரும் 2014 இல் வெளியிட்டது எனக்கு இன்னும் பிடித்தது. 100 வரையுள்ள பலகையில் பிள்ளைகளை இரண்டு விதமாக எண்ணவைத்துப் பார்த்தார்கள். 27 இல் நிற்கும் பிள்ளைக்கு 5 விழுகிறது. ஒருவன் “ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து” என்று குத்திக்கொண்டு போவான். மற்றவன் “இருபத்தெட்டு, இருபத்தொன்பது, முப்பது…” என்று போவான். இரண்டாமவனுக்குத்தான் பயன். பலகையும் ஒன்று, விழும் எண்ணும் ஒன்று, வாயில் வரும் சொல்தான் வேறு. எங்கள் வீடுகளில் எல்லாரும் ஒன்று, இரண்டு என்று குத்துகிறவர்கள்தானே.

இன்னொன்றை நான் சேர்த்துக்கொள்கிறேன். கடையில் வாங்கும் பாம்பும் ஏணியும் பலகையில் எண்கள் மாடு உழுவதுபோல வலமும் இடமுமாகத் திரும்பித் திரும்பிப் போகும். 10 க்கு மேலே 11, 1 க்கு மேலே 20. புதிதாக வரைந்து, எல்லா நிரையும் இடப்பக்கத்திலிருந்தே தொடங்கினால் 7 க்கு நேர் மேலே 17, அதற்கு மேலே 27 நிற்கும். ஒரு கட்டம் மேலே போனால் பத்துக் கூடுகிறது. சின்னப் பிள்ளைகளுக்கு இடப்பெறுமானம் கண்ணாலேயே பிடிபடும்.

இந்த ஆய்வுகளைக் காட்டி அதிபரை மடக்கலாம் என்று நினைக்காதீர்கள். அவை சின்னப் பிள்ளைகளைப் பற்றியவை, உங்கள் தரம் 8 க்கு அப்படியே பொருந்தாது. விளையாட்டு என்றாலே அறிவு வளரும் என்று சொல்வாரும் உண்டு, அவர்களையும் நம்ப வேண்டாம். சதுரங்கம் கணிதத்தை வளர்க்கும் என்று ஊரெல்லாம் பேச்சு. இங்கிலாந்தில் 100 ஆரம்பப் பாடசாலைகளை வைத்துச் சோதித்து 2016 இல் முடிவு வெளியிட்டார்கள். ஒரு வருடம் சதுரங்கம் கற்ற பிள்ளைகளும் கற்காத பிள்ளைகளும் அடுத்த வருடக் கணிதப் பரீட்சையில் ஒன்றாகவே இருந்தார்கள். சதுரங்கம் அருமையான விளையாட்டு, மாலையில் கழகம் வைத்து ஆடட்டும். எங்கள் ஆடு புலி ஆட்டமும் அப்படியே. மூன்று புலிக்கு எதிராகப் பதினைந்து ஆட்டை 23 சந்திகளில் நிறுத்துவது மூளைக்கு நல்ல வேலை. இலங்கையில் புலி ஏது என்று ஒரு வகுப்பில் பிள்ளைகள் கேட்டு, சிறுத்தையும் மானுமாக மாற்றிக்கொண்டார்கள். ஆனால் அதை ஆடினால் பின்னம் வரும் என்று நான் சொல்ல மாட்டேன்.

பின்னத்துக்கு முன்பு உங்கள் பிள்ளைகள் தடுமாறுவது திசைகொண்ட எண்களில், அதாவது நேர், மறை எண்களில் என்று ஊகிக்கிறேன். தரம் 7, 8 என்றால் எங்கும் அதே கதை. மறையிலிருந்து மறையைக் கழித்தால் ஏன் கூடுகிறது என்று விதி சொல்லி ஒப்பேற்றிவிடுகிறோம். அதற்கு ஒரு சுழியோடியை நிறுத்துங்கள். நீளக் கீற்று ஒன்றை நிமிர்த்தி வைத்து, நடுவில் பூச்சியம், அதுதான் கடல்மட்டம். மேலே +12 வரை கோணேசர் மலைப்பக்கம், கீழே −12 வரை துறைமுகத்தின் ஆழம். சுழியோடியாக ஒரு மூடி. அட்டைகள் நான்கு விதம்: மிதவை கட்டு, மிதவையை அவிழ், கல் கட்டு, கல்லை அவிழ். ஒவ்வொன்றிலும் ஓர் எண். கல் கட்டினால் இறங்குவான். கல்லை அவிழ்த்தால்? மூதூர்ப் பிள்ளைக்கு இதை விளங்கப்படுத்த வேண்டுமா? −5 இல் நிற்பவன் நாலு கல்லை அவிழ்த்தால் −1 க்கு வருகிறான். இதைப் பத்துத் தடவை கையால் செய்த பிறகு (−5) − (−4) = −1 என்று எழுதிக்காட்டுங்கள். கையில் மூன்று அட்டைகள் கொடுத்து, அதில் எதை இறக்குவது என்று பிள்ளையே தெரிவுசெய்ய விடுங்கள். தெரிவு இல்லாவிட்டால் இதுவும் லூடோதான்.

இனித் தாயக்கட்டை. அந்தப் பெற்றோரோடு வாதாட வேண்டாம். எங்கள் மாவட்டத்தில் சில முஸ்லிம் வீடுகளில் மார்க்கம் சார்ந்த தயக்கம் உண்டு. இந்து வீடுகளில் பாரதத்துச் சகுனியைக் காட்டி முகம் சுளிக்கும் பாட்டிமார் உண்டு. இரண்டையும் மதிக்கலாம், கணக்குக்கு ஒரு நட்டமும் வராது. 1 முதல் 6 வரை எழுதிய துண்டுகளைப் பால்மா டின்னில் போட்டு எடுத்தால் போதும்.

ஆனால் எப்படி எடுப்பது என்பதில் கவனம். இங்கே நானே சறுக்கினேன்.

நிகழ்தகவுக்கு நான் வைக்கும் விளையாட்டு தோணி ஓட்டம். 2 முதல் 12 வரை இலக்கமிட்ட பதினொரு தோணிகள், ஒவ்வொன்றுக்கும் பத்துக் கட்டங்கள். பிள்ளைகள் ஆளுக்கொரு தோணியைத் தெரிவுசெய்வார்கள். இரண்டு எண்களின் கூட்டுத்தொகை எதுவோ அந்தத் தோணி ஒரு கட்டம் முன்னேறும். ஒரு தடவை தாயக்கட்டைக்குப் பதில் டின்னில் ஆறு துண்டுகளைப் போட்டு, இரண்டு இரண்டாக எடுக்கவைத்தேன். ஒரு பையன் 12 ஆம் தோணியைத் தெரிவுசெய்திருந்தான். தன் ராசி எண் என்றான். ஏழும் எட்டும் ஓடிக்கொண்டிருக்க, அவனுடைய தோணி கரையிலேயே கிடந்தது. அரிதாக வரும் எண்ணைத் தெரிந்தால் இப்படித்தான் என்று நான் பெரிய மேதைபோல விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். பின்வாங்கில் இருந்து ஒரு பிள்ளை எழுந்தாள். “சேர், அது அரிதாக இல்லை. வரவே வராது. டின்னுக்குள் 6 ஒன்றுதானே இருக்கிறது?”

வகுப்பு ஒரு கணம் அமைதியாகிவிட்டது. பிறகு சிரித்தார்கள், நானும் சிரித்தேன், வேறு என்ன செய்வது. முதல் துண்டைத் திரும்பப் போடாமல் இரண்டாவதை எடுத்தால் 6 உம் 6 உம் சேர வழியே இல்லை. 1 உம் 1 உம் இல்லை. ஆகவே 2, 12 இரண்டு தோணிக்கும் கரைதான் கதி. அன்று எடுத்த கொப்பிப் பயிற்சியை மாற்றி, ஆறுக்கு ஆறு கட்டங்கள் கொண்ட இரண்டு நெய்யரிகள் வரையச் சொன்னேன். துண்டைத் திரும்பப் போட்டால் 36 பேறுகள், அதில் 7 க்கு ஆறு, 12 க்கு ஒன்று. போடாவிட்டால் மூலைவிட்டம் முழுவதும் அழிந்து 30. அதற்குள்ளும் 7 க்கு அதே ஆறுதான். மேல் வகுப்புகளில் பிரதிவைப்புடன், பிரதிவைப்பின்றி என்று பயமுறுத்தும் அந்தச் சமாசாரம் முழுவதும் ஒரு பால்மா டின்னிலிருந்து வந்தது. நான் திட்டமிட்டிருந்தால் அவ்வளவு நன்றாக வந்திருக்காது. ராசி எண்காரன் அடுத்த ஆட்டத்தில் 7 ஐத் தெரிந்தான். வேறு மூவரும் அதையே கேட்டுச் சண்டை வந்தது.

பரிசு, டொபி ஒன்றும் வேண்டாம். ஒரு வகுப்பில் வென்ற அணிக்கு டொபி என்று தொடங்கி, மூன்றாம் வாரம் டொபி இல்லை என்றதும் பிள்ளைகள் பலகையை மடித்துவைத்ததை நான் கண்டிருக்கிறேன். தோற்ற அணி மறு ஆட்டம் கேட்பதைவிட நல்ல பரிசு விளையாட்டுக்கு இல்லை.

பெற்றோருக்கு, பலகையின் பிரதி ஒன்றை வீட்டுக்கு அனுப்புங்கள். தாயோ பாட்டியோ ஒரு தடவை பிள்ளையிடம் தோற்றால் முறைப்பாடு குறையும். பல்லாங்குழி தெரிந்த பாட்டி அவ்வளவு இலகுவில் தோற்கவும் மாட்டார். பதினான்கு குழியிலும் எத்தனை காய், எங்கிருந்து எடுத்தால் எங்கே முடியும் என்று பார்வையாலேயே கணக்குப் போடுகிறவர்கள் அவர்கள். பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு நின்றிருக்கும்.

அதிபர் கேட்டது நியாயமான கேள்வி. க.பொ.த. சாதாரண தரத்தில் கணிதம் சித்தியில்லாமல் பிள்ளைகள் படும் பாட்டை அவரும் வருடாவருடம் பார்க்கிறார். அவருக்கு ஆர்வம், மகிழ்ச்சி என்று பேசாதீர்கள். பெருக்கல் பலகையைத் தொடங்கும் முன் காரணிகளில் பத்துக் கேள்வி கொடுத்துப் புள்ளியைக் குறித்துவையுங்கள். நான்கு வாரம் கழித்து அதேபோன்ற பத்து. இரண்டு தாளையும் அவர் மேசையில் வையுங்கள். தவணைப் பரீட்சை முழுவதிலும் புள்ளி ஏறும் என்று வாக்குக் கொடுக்க வேண்டாம். ஆடிய பகுதியில் ஏறியிருக்கிறதா என்பது மட்டும்தான் கேள்வி. ஏறவில்லை என்றால் அதையும் மறைக்காமல் வைத்து, கொப்பி வேலையைத் திருத்துங்கள்.

அந்தத் தாள்களைக் கொண்டுபோகும் நாளில் சட்டைப்பையில் இருபது சிப்பியும் கொண்டுபோங்கள். மேசையில் பரப்பி, “சேர், ஒரு தடவையில் ஒன்றோ இரண்டோ மூன்றோ எடுக்கலாம், கடைசிச் சிப்பியை எடுப்பவர் வென்றார், நீங்களே தொடங்குங்கள்” என்று சொல்லுங்கள். அவர் ஒன்று எடுத்தால் நீங்கள் மூன்று, இரண்டு எடுத்தால் இரண்டு, மூன்று எடுத்தால் ஒன்று. ஒவ்வொரு சுற்றிலும் நான்கு குறையும். இருபது, பதினாறு, பன்னிரண்டு, எட்டு, நான்கு. நான்கு சிப்பியோடு அவர் முறை வரும்போது அவருக்குத் தெரிந்துவிடும். மறுபடியும் என்பார். மூன்றாவது தடவை, “இந்தமுறை நீங்கள் தொடங்குங்கள் ரீச்சர்” என்று அவர் சொன்னால், பேசாமல் தொடங்கித் தோற்றுவிடுங்கள். கண்டுபிடித்துவிட்டார் என்று அர்த்தம்.